ராணுவ பேஸில் ஹாலோவீன்: குடும்பத்தோடு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் கணவர் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறார். பேஸ் என்கிற படைத்தளத்துக்குள்ளேயே குடும்பக் குடியிருப்பில் இருக்கிறோம். அக்டோபர் பிறந்தால் போதும், ஊருக்குள் இருக்கும் தமிழ் நண்பர்கள் ஒவ்வொருவராக ஃபோன் செய்வார்கள்: "உங்க பேஸ்ல ஹாலோவீன் பிரமாதமா இருக்குமாமே, நாங்களும் வரலாமா?" தாராளமாக வரலாம். ஆனால் கேட்டைத் தாண்டுவதற்கான வேலையை அக்டோபர் 31 சாயங்காலம் ஆரம்பித்தால் நடக்காது. அது ஒன்றுதான் சிக்கல். உள்ளே வந்துவிட்டால் குழந்தைகள் ஓடியாடும் தெருத் திருவிழாதான். கீழே இருப்பது அமெரிக்காவுக்குள் உள்ள பேஸ்களுக்கு. பேஸுக்கு பேஸ் விதி கொஞ்சம் மாறும், ஆகவே உங்களை அழைத்தவரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

யார் வேண்டுமானாலும் வரலாமா?

எந்த நிகழ்ச்சி என்பதைப் பொறுத்தது. ராணுவத்தில் எம்டபிள்யூஆர் என்று ஒரு பிரிவு உண்டு. வீரர்களின் குடும்பங்களுக்கான விளையாட்டு, நீச்சல் குளம், பண்டிகைக் கொண்டாட்டம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மரீன் படையில் இதே வேலையைச் செய்வது எம்சிசிஎஸ். இவர்கள் பெரிய மைதானத்திலோ பார்க்கிங்கிலோ நடத்தும் விழாக்களில் சிலவற்றுக்குப் பொதுமக்களையும் விடுவார்கள். நோட்டீஸிலேயே அது போட்டிருக்கும். "ராணுவ அடையாள அட்டை உள்ளவர்களுக்கும் அவர்களுடைய விருந்தினர்களுக்கும்" என்று இருந்தால், உங்களை அழைக்க உள்ளே ஒருவர் இருக்க வேண்டும்.

வேஷம் போட்ட குழந்தைகள் குடியிருப்புத் தெருக்களில் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ட்ரிக் ஆர் ட்ரீட் வேறு கதை. அது அங்கே குடியிருப்பவர்களுக்கும் அவர்கள் கூட்டி வருகிறவர்களுக்கும்தான். இரண்டில் எதற்கு வரலாம் என்று என்னைக் கேட்டால், அழைப்பு கிடைக்கும் பட்சத்தில் தெருவுக்கு வாருங்கள் என்பேன். மைதான விழாவில் வரிசையில் நின்றே பாதி நேரம் போய்விடும்.

ஸ்பான்சர் என்கிறார்களே, அது யார்?

உங்களுக்காகப் பொறுப்பேற்று உள்ளே அழைத்துப் போகிறவர். ராணுவத்தில் இருப்பவராகவோ, ஓய்வு பெற்றவராகவோ, பல இடங்களில் அடையாள அட்டை உள்ள மனைவியாகவோ கணவராகவோ இருக்கலாம். உங்கள் முழுப்பெயர், பிறந்த தேதி, ஓட்டுநர் உரிம எண் போன்றவற்றை அவர் கேட்பார். அதை வைத்து எஃப்பிஐ நடத்தும் என்சிஐசி என்ற குற்றப்பதிவுத் தொகுப்பில் சரிபார்ப்பார்கள். பிடிவாரண்டு எதுவும் இல்லை, பெரிய குற்ற வழக்கு இல்லை என்றால் அனுமதிச் சீட்டு கிடைத்துவிடும். கட்டாத பழைய டிராஃபிக் அபராதம் வாரண்டாக மாறியிருந்தால் அது இங்கே தலைநீட்டும். முன்பே கட்டிவிடுங்கள்.

ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். நீங்கள் உள்ளே ஏதாவது தப்பு செய்தால், முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஸ்பான்சர். அதுவும் அவருடைய மேலதிகாரியிடம். அதனால் அவர் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்கிறாரே என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

எங்களிடம் எச்-1பி, எச்-4 விசாதான் இருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வந்திருக்கிறார்கள். விடுவார்களா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். அமெரிக்கக் குடிமக்களுக்கு ரியல் ஐடி என்ற மத்திய அரசு அடையாள விதிப்படி வழங்கிய, மூலையில் நட்சத்திரம் போட்ட ஓட்டுநர் உரிமமோ பாஸ்போர்ட்டோ போதும். கிரீன் கார்டு உள்ளவர்கள் அந்த அட்டையைக் கையோடு எடுத்து வர வேண்டும். விசாவில் இருப்பவர்களை வெளிநாட்டவர் என்ற கணக்கில் தனியாகப் பரிசீலிப்பார்கள். சில பேஸ்களில் பாஸ்போர்ட், விசா, நாட்டுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94 மூன்றையும் காட்டினால் விசிட்டர் சென்டரிலேயே முடிந்துவிடும். பல பேஸ்களில் ஸ்பான்சர் சில வாரங்களுக்கு முன்பே விண்ணப்பம் போட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் அவர் கூடவே இருக்கவும் வேண்டும்.

ஆகவே செப்டம்பரிலேயே பேசிவிடுங்கள். "என் உரிமத்தில் நட்சத்திரம் இருக்கிறதே" என்று அதை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். விசாவில் இருப்பவர்களுக்கும் நட்சத்திரம் போட்ட உரிமம் கிடைக்கும், கேட்டில் இருப்பவருக்கு அது தெரியும், பாஸ்போர்ட்டைக் கேட்பார். டூரிஸ்ட் விசாவில் வந்த பெரியவர்களுக்கும் இதே நடைமுறைதான். அவர்கள் பாஸ்போர்ட் நகலை மட்டும் நம்பி வராதீர்கள், அசல் வேண்டும்.

குழந்தைகளுக்கு என்ன காட்டுவது?

பெற்றோருடன் வரும் சின்னக் குழந்தைகளுக்கு ஒன்றும் தேவையில்லை. சரிபார்ப்பு பெரும்பாலும் 18 வயதானவர்களுக்கு, சில இடங்களில் 16லிருந்து. பக்கத்து வீட்டுக் குழந்தையைச் சேர்த்துக் கூட்டி வருகிறீர்கள் என்றால் அவர்களுடைய பெற்றோர் எழுதிக் கொடுத்த ஒரு கடிதம் கையில் இருப்பது நல்லது.

கேட்டில் என்ன நடக்கும்?

முதலில், ஜிபிஎஸ் காட்டும் கேட்டுக்குப் போகாதீர்கள். ஒரு பேஸுக்குப் பல கேட் இருக்கும். சில சாயங்காலமே மூடிவிடும், சில லாரிகளுக்கு மட்டும். விசிட்டர் சென்டர் எந்தக் கேட்டுக்கு வெளியே இருக்கிறது என்று கேட்டு அந்த முகவரியைப் போடுங்கள். பெயர் மாற்றக் குழப்பம் வேறு இருக்கிறது. டெக்ஸாஸில் உள்ள ஃபோர்ட் ஹுட் 2023ல் ஃபோர்ட் கவாசோஸ் ஆனது, 2025ல் மறுபடி ஃபோர்ட் ஹுட். வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக்கும் அதே 2023ல் ஃபோர்ட் லிபர்ட்டியாகி, 2025ல் திரும்பி வந்தது. பழைய நோட்டீஸில் ஒரு பெயரும் புதிய போர்டில் இன்னொரு பெயரும் பார்த்தால் பதறாதீர்கள்.

அன்று விசிட்டர் சென்டரில் கூட்டம் இருக்கும். அதனால் அனுமதிச் சீட்டை முந்தின நாளே வாங்க முடியுமா என்று பாருங்கள். கேட்டை நெருங்கும்போது இருட்டிவிட்டால் ஹெட்லைட்டைக் குறைத்து, காருக்குள் விளக்கைப் போடுங்கள். கண்ணாடியை இறக்குங்கள், ஃபோனைக் கீழே வையுங்கள். முகமூடி போட்டிருப்பவர் எல்லோரும், பின்சீட்டில் இருக்கும் பொடிசு உட்பட, அதைக் கழற்றிவிட வேண்டும். முகத்தில் பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் பெரியவர்கள் உள்ளே வந்த பிறகு அடித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் படத்தோடு எலும்புக்கூட்டை ஒப்பிடச் சொல்லி அந்தக் காவலரைச் சோதிக்க வேண்டாம். கார் ரிஜிஸ்ட்ரேஷனும் இன்ஷூரன்ஸும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சில வண்டிகளை ஓரங்கட்டிச் சோதிப்பார்கள். குலுக்கல் மாதிரிதான் அது, உங்கள் முகத்தைப் பார்த்து எடுத்த முடிவு என்று எண்ண வேண்டாம்.

தவறான வரிசையில் மாட்டிக்கொண்டால் காவலரிடம் சொல்லுங்கள், திருப்பி அனுப்புவார். தினமும் நடப்பதுதான். நீங்களாகப் பின்னால் எடுக்காதீர்கள்.

காரில் என்ன இருக்கக் கூடாது?

துப்பாக்கி கூடாது. டெக்ஸாஸ் மாதிரி மாநிலங்களில் உரிமம் இல்லாமலே வெளியே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். பேஸுக்குள் அந்தச் சட்டம் செல்லாது. கஞ்சாவும் அப்படித்தான். கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் கடையில் விற்கிறார்கள், ஆனால் சான் டியாகோ கடற்படைத் தளத்துக்குள்ளோ லூயிஸ்-மெக்கார்ட் பேஸுக்குள்ளோ நுழைந்த நிமிடம் நீங்கள் இருப்பது மத்திய அரசின் நிலத்தில், அங்கே அது குற்றம். கஞ்சா கலந்த கம்மி மிட்டாய் டாஷ்போர்டில் கிடந்தாலும் குற்றம்தான். அப்புறம் பெப்பர் ஸ்ப்ரே, டிரோன், பூசணி செதுக்க என்று எடுத்து வரும் பெரிய கத்தி. செதுக்கும் வேலையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். பேஸுக்குள் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டினால் ராணுவப் போலீஸ் நிறுத்திச் சீட்டு எழுதும். குடியிருப்புத் தெருக்களில் வேக வரம்பு மிகவும் குறைவு, அன்றைக்கு அதிலும் பாதியில் போங்கள்.

என்ன வேஷம் போடலாம்?

சிலந்தி மனிதன், இளவரசி, டைனோசர் எல்லாம் சரி. பொம்மைத் துப்பாக்கி வேண்டாம். ஆரஞ்சு முனை இருந்தாலும் வேண்டாம். ஆயுதம் ஏந்தின காவலர்கள் சுற்றும் இடத்தில், இருட்டில், அப்படி ஒரு விளையாட்டு தேவையா? வாளும் சில இடங்களில் கூடாது. கட்டபொம்மனாக வந்த எங்கள் நண்பர் மகன் வாளை வீட்டில் வைத்துவிட்டு மீசையை மட்டும் கொண்டு வந்தான். அதற்கே தெருவில் பாதிப் பேர் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ராணுவ உடை பற்றி ஒரு வார்த்தை. ராணுவத்தின் மிச்சச் சாமான் விற்கும் சர்ப்ளஸ் கடையில் நிஜச் சீருடை வாங்கி, பதவிப் பட்டை, பதக்கம் எல்லாம் குத்திக்கொண்டு பெரியவர்கள் வர வேண்டாம். தகுதியில்லாதவர் சீருடை அணிவதைக் கட்டுப்படுத்தச் சட்டமே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தப் பதக்கத்தை நிஜமாக வாங்கியவர் எதிர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். குழந்தைகள் கடையில் விற்கும் விமானி உடுப்பில் வந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

வாஷிங்டன் பக்கம் மழைக்கோட்டு கண்டிப்பாக வேண்டும். டெக்ஸாஸில் பஞ்சு அடைத்த கரடி உடையைப் போட்டால் பிள்ளை வியர்த்து அழும்.

டிரங்க் ஆர் ட்ரீட் என்றால் என்ன?

கார்களை வரிசையாகப் பின்பக்கம் தெரிய நிறுத்தி, டிக்கியைத் திறந்து அலங்கரித்து, குழந்தைகளுக்கு மிட்டாய் தருவது. கொலு பார்க்கப் போன மாதிரிதான்: ஒவ்வொரு குடும்பமும் ஒரு கருப்பொருள் வைத்திருக்கும், நின்று பார்த்துப் பாராட்டினால் சுண்டலுக்குப் பதில் சாக்லேட். பெரும்பாலும் ஒவ்வொரு ராணுவப் பிரிவும் சில வண்டிகளைப் போடும், எந்தப் பிரிவு நன்றாகச் செய்தது என்று போட்டியும் நடக்கும். இரவும் பகலும் ஒழுங்கு பேசும் சார்ஜென்ட் ஒருவர் தேனீ உடையில் நின்று லாலிபாப் கொடுப்பதை இங்கேதான் பார்க்கலாம். பக்கத்திலேயே தீயணைப்பு வண்டி, சில சமயம் ராணுவப் போலீஸின் நாய்கள். நாயைத் தொடுவதற்கு முன் கேளுங்கள்.

வீடு வீடாகப் போகும்போது என்ன முறை?

நேரம் பேஸ் அறிவிக்கும், பெரும்பாலும் மாலை ஆறிலிருந்து எட்டு. வாசல் விளக்கு எரிந்தால் அந்த வீட்டில் மிட்டாய் உண்டு. அணைந்திருந்தால் தட்டக் கூடாது. காரணம் கேட்கவும் கூடாது. இரவுப் பணி முடித்துத் தூங்குகிறவர் இருக்கலாம், திடீர்ச் சத்தம் தாங்காதவர் இருக்கலாம். குழந்தை "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்று சொல்ல வேண்டும், ஒன்று எடுத்துக்கொண்டு தேங்க்யூ சொல்ல வேண்டும். பெரியவர்கள் நடைபாதையிலேயே நிற்பது வழக்கம். ஆளில்லாமல் வாசலில் கிண்ணம் மட்டும் இருந்தாலும் ஒன்றே ஒன்றுதான் எடுக்க வேண்டும்.

தெருவில் ரோந்து போகும் போலீஸார் பல இடங்களில் ஒளிரும் குச்சி கொடுப்பார்கள். மஞ்சளாகப் பளபளக்கும் பெல்ட்டைக் குழந்தைகள் குறுக்கே மாட்டியிருப்பதையும் பார்ப்பீர்கள். அதிகாலை உடற்பயிற்சியில் வீரர்கள் போடுவது அது. அதைப் பற்றி ராணுவத்தில் இருக்கிற கிண்டலுக்கு அளவே இல்லை, ஆனாலும் இந்த ஒரு ராத்திரி அதைவிட உபயோகமான பொருள் கிடையாது. ஒன்று இரவல் கேளுங்கள், எல்லா வீட்டிலும் இரண்டு மூன்று கிடக்கும்.

அழைத்தவர் வீட்டுக்கு என்ன கொண்டு போவது?

மிட்டாய். பெரிய பை, தனித்தனியாகச் சுற்றியது. பேஸ் குடியிருப்பில் குழந்தைகள் அதிகம். ஏழரை மணிக்கே கிண்ணம் காலியாகி வீட்டுக்காரர் விளக்கை அணைக்கும் நிலை வரும். நீங்கள் கொண்டு போன பை அப்போது கை கொடுக்கும். அவர்களுக்கென்று முறுக்கோ தட்டையோ கொண்டு போங்கள், சந்தோஷப்படுவார்கள். ஆனால் வாசலுக்கு வரும் குழந்தைகளுக்கு வீட்டில் செய்ததைக் கொடுக்காதீர்கள். சுற்றாத பண்டத்தை இங்கே பெற்றோர் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

திடீரென்று ஒலிபெருக்கியில் பாட்டு, எல்லோரும் அப்படியே நிற்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

நீங்களும் நில்லுங்கள். கொடியை இறக்கும் நேரம் அது. தரைப்படை பேஸ்களில் பெரும்பாலும் மாலை ஐந்து மணிக்கு: முதலில் ரிட்ரீட் என்ற இசை, முடிவில் பீரங்கி ஒரு முறை முழங்கும், பிறகு டு த கலர் என்ற இசை. சத்தம் பலமாகக் கேட்கும், கைக்குழந்தை இருந்தால் முன்பே தயாராக இருங்கள். விமானப்படை பேஸ்களில் பொதுவாக ரிட்ரீட்டைத் தொடர்ந்து தேசிய கீதம். கடற்படையிலும் மரீன் படையிலும் கணக்கு கடிகாரம் இல்லை, சூரியன் மறையும் நேரம். 2007லிருந்து அமெரிக்காவில் கோடைக்கால நேரம் நவம்பர் முதல் ஞாயிறு வரை நீடிப்பதால், அக்டோபர் 31 அன்று பல ஊர்களில் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்தான் சூரியன் மறையும். அதாவது மிட்டாய் வேட்டை ஆரம்பித்த பிறகு.

கொடி தெரிந்தால் அதைப் பார்த்தும், தெரியாவிட்டால் இசை வரும் பக்கம் திரும்பியும் நிற்க வேண்டும். சீருடையில் இருப்பவர்கள் சல்யூட் அடிப்பார்கள், அமெரிக்கக் குடிமக்கள் நெஞ்சில் கை வைப்பார்கள். வேறு நாட்டவர் நேராக நின்றால் போதும். கார் ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். பாட்டு நின்றதும் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் பிள்ளைகள் கூச்சலோடு ஓடுவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அந்த மாற்றம்தான் விழாவிலேயே பெரிய வேடிக்கை.

நாங்கள் சைவம். எந்த மிட்டாயைச் சாப்பிடலாம்?

ஜெலட்டின்தான் பிரச்சினை. அது மாடு அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. மார்ஷ்மெல்லோ, ஹரிபோ கரடி கம்மி, அமெரிக்காவில் விற்கும் ஸ்டார்பர்ஸ்ட், ரைஸ் கிரிஸ்பீஸ் ட்ரீட்ஸ், ஹாலோவீனுக்கென்றே வரும் கேண்டி கார்ன் எல்லாவற்றிலும் அது உண்டு. கேண்டி கார்னின் மினுமினுப்புக்கு அரக்குப் பூச்சியிலிருந்து வரும் பூச்சையும் சேர்க்கிறார்கள். ஸ்கிட்டில்ஸ், அமெரிக்க ஸ்மார்ட்டீஸ் இரண்டிலும் ஜெலட்டின் இல்லை. சின்ன அளவுப் பொட்டலங்களில் பல சமயம் சேர்மானப் பட்டியல் இருக்காது, ஆகவே தெரிந்ததை வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, வந்தவுடன் குழந்தையோடு மாற்றிக்கொள்ளுங்கள். வாசலில் நின்று "இதுல ஜெலட்டின் இருக்கா?" என்று விசாரிப்பது வீட்டுக்காரரைச் சங்கடப்படுத்தும், பின்னால் வரிசையும் நிற்கும்.

வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் ரீஸஸ், ஸ்னிக்கர்ஸ் இரண்டையும் முதலில் பிரித்தெடுங்கள். நீலப்பச்சை நிறம் பூசிய பூசணி வாசலில் தெரிந்தால், அங்கே மிட்டாய்க்குப் பதில் பென்சில், ஸ்டிக்கர் மாதிரி சாப்பிடாத பொருளும் கிடைக்கும். உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்காக 2014லிருந்து நாடு முழுவதும் பரவிய பழக்கம்.

பேய்ப் பண்டிகைக்கு நாம் போகலாமா என்று பாட்டி கேட்கிறார்.

புனிதர்கள் அனைவரின் திருநாளான நவம்பர் 1க்கு முந்தின இரவு இது. அதுவும் பழைய கெல்டிக் மக்களின் அறுவடை முடிவுக் கொண்டாட்டமும் சேர்ந்து, அயர்லாந்துக்காரர்களோடு கப்பலேறி வந்தது. இன்று தெருவில் நடப்பது மிட்டாய் வாங்கும் விளையாட்டு மட்டுமே. அதுவும் வேண்டாம் என்கிறவர்களுக்காக பேஸ் தேவாலயங்களில் பேய் வேஷம் இல்லாத இலையுதிர்கால விழா நடக்கும். 2024ல் தீபாவளியும் அக்டோபர் 31 அன்றே வந்தது. எங்கள் வாசலில் கோலம், அகல்விளக்கு, பக்கத்தில் செதுக்கிய பூசணி. பாட்டிக்கு அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

படம் எடுக்கலாமா?

உங்கள் குழந்தைகளை எடுக்கலாம். கேட், காவலர்கள், விமானங்கள், ஓடுதளம் கூடாது. மற்றவர் குழந்தைகளைக் கேட்டுவிட்டு எடுங்கள். வீட்டு எண்ணும் சீருடைப் பெயர்ப்பட்டையும் தெரிகிற படத்தை இணையத்தில் போடாதீர்கள்.

அங்கே கடையில் சாமான் வாங்கலாமா? மலிவாமே.

பேஸின் மளிகைக் கடையான கமிஸரியிலும் மற்ற சாமான்கள் விற்கும் எக்ஸ்சேஞ்சிலும் விருந்தினருக்கு விற்க மாட்டார்கள். "எனக்கொரு டிவி வாங்கிக் கொடு" என்று நண்பரையும் கேட்காதீர்கள், அவருக்குத்தான் வம்பு.

பேஸில் தமிழர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். 2008ல் அறிவித்து 2016ல் புதிய சேர்க்கையை நிறுத்திய மாவ்னி என்ற திட்டத்தில், கிரீன் கார்டு இல்லாதவர்களும் குறிப்பிட்ட மொழி தெரிந்திருந்தால் ராணுவத்தில் சேர்ந்து குடியுரிமை பெற முடிந்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. மாணவராக வந்து அப்படிச் சேர்ந்தவர்கள் உண்டு, இங்கேயே பிறந்து வளர்ந்து சேர்ந்தவர்களும் உண்டு.

அங்கே இருப்பவர்களிடம் என்ன பேசுவது?

வேஷம், பூசணி, பள்ளிக்கூடம், எந்த ஊர்க்காரர் என்பது எல்லாம் பேசலாம். கூடாதது: எங்கே அனுப்பியிருக்கிறார்கள், எப்போது திரும்புவார், பிரிவில் எத்தனை பேர். சொந்த அம்மாவிடம்கூட ஃபோனில் சொல்லக் கூடாத விஷயம் அது. "சண்டைக்குப் போயிருக்கீங்களா, யாரையாவது சுட்டிருக்கீங்களா?" என்று நம்மூர் மாமா ஒருவர் நிச்சயம் ஆரம்பிப்பார். கிளம்பும் முன்பே காதில் போட்டு வையுங்கள்.

எந்தத் தெருவிலும் ஒன்றிரண்டு வீட்டில் அப்பாவோ அம்மாவோ அப்போது வெளிநாட்டுப் பணியில் இருப்பார்கள். அந்த வீட்டுக் குழந்தைகளை எதிர் வீட்டுக்காரர் தன் பிள்ளைகளோடு கூட்டிப் போவார், இன்னொருவர் அவர்கள் வாசலில் உட்கார்ந்து மிட்டாய் கொடுப்பார். இதற்கு யாரும் ஏற்பாடு செய்வதில்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு மாற்றல் என்று ஓடும் வாழ்க்கையில் சித்தப்பா பெரியப்பா யாரும் பக்கத்தில் கிடையாது, இருப்பவர்களே உறவு. அழைத்த வீட்டில் அப்படி ஓர் ஆள் குறைந்தால் "எங்கே அவர்?" என்று துருவாதீர்கள். "நான் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கிறேன், நீங்க பிள்ளைகளோட போயிட்டு வாங்க" என்று சொல்லுங்கள்.

கடைசி நேரத்தில் ரத்தாகுமா?

ஆகலாம். பேஸின் பாதுகாப்பு நிலை ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று படிப்படியாக ஏறும். நிலை உயர்ந்தால் முதலில் நிறுத்துவது விருந்தினர் அனுமதியைத்தான். காரணம் சொல்ல மாட்டார்கள், ஸ்பான்சருக்கும் தெரியாது. குழந்தைகளிடம் மாற்றுத் திட்டம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்.

இந்த வருடச் சீட்டை வைத்து அடுத்த வருடமும் வரலாமா?

முடியாது, நாள் குறித்துத்தான் தருவார்கள். செப்டம்பரில் மறுபடி கேளுங்கள். அதற்குள் உங்கள் நண்பருக்கு மாற்றல் வந்திருந்தால், போகும் முன் அடுத்த வீட்டுக்காரரிடம் உங்களை அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்களே ஸ்பான்சர் செய்ய முன்வருவார்கள்.